புதுப்பிப்பு: ராக்கிங் கர்வ்வில் ரெண்டு உச்சி வந்த கதை

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேனே, மாங்கனைட் (ஒரு மாங்கனீஸ் ஆக்சைடு வகை) மென்படலத்துக்கு எக்ஸ்ரேயில ராக்கிங் கர்வ் (படிகத்தைத் துளித்துளியா சாய்ச்சு, எந்தக் கோணத்துல எவ்வளவு எக்ஸ்ரே திரும்புதுன்னு வரையுற கோடு) எடுத்தா ஒரு உச்சிக்குப் பதிலா ரெண்டு ஒட்டி ஒட்டி வருது, படலமே ரெண்டு திசையில வளருதான்னு. விடை கிடைச்சாச்சு. படலம் பாவம், அதன் மேல தப்பில்லை.

"முதல்ல வெறும் சப்ஸ்ட்ரேட்டை (படலத்தைத் தாங்குற அடிப்படிகம்) அளந்து பாரு தம்பி"ன்னு ஒரு அண்ணன் பதில் போட்டிருந்தார். கிண்டி டீக்கடையில நின்னு அதைப் படிச்சப்போ கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்தது. அளந்தேன். அதிலேயும் அதே பிளவு! குறுக்குத் துருவ நுண்ணோக்கியில வெச்சா பாய்க்கோடு மாதிரி வரிவரியா இரட்டைப் படிகங்கள், அதாவது ஒரே படிகத்துக்குள்ள வேற வேற பக்கம் திரும்பின பட்டைகள்.

காரணம் இதுதான். என் சப்ஸ்ட்ரேட்டான லாந்தனம் அலுமினேட் சுமார் 540 டிகிரி செல்சியஸுக்கு மேல கனசதுரம். கீழே வந்தா சாய்சதுர அமைப்பு. நான் படலம் வளர்க்கிறது 700 டிகிரியில. அப்போ சப்ஸ்ட்ரேட் ஒரே சீரா இருக்கும். ஆறும்போது ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு பக்கம் துளி சாயும், மேலே ஒட்டின படலமும் கூடவே சாயும். பாகையில ஒரு சின்னப் பின்னம்தான், ஆனா எக்ஸ்ரேக்கு அது போதும். மறுபடி சூடாக்கி ஆறவெச்சா கோடுகள் வேற இடத்துல வரலாம். அதனால முன்கூட்டியே அளந்து கழிச்சுடவும் வழியில்லை.

ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் சப்ஸ்ட்ரேட்டுக்கு மாறினேன். அதோட உருமாற்றம் 105 கெல்வின்ல (சுமார் மைனஸ் 168 டிகிரி செல்சியஸ்), சென்னை வெயிலுக்கு அந்தக் கவலையே இல்லை. நேத்து ஒரே உச்சி.