லுசிட்டானியாவில் பூட்டி வைக்கப்பட்ட மூவர்: ஆவணம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். முதல் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் லுசிட்டானியாவை வைத்து ஒரு வானொலி நாடகம் எழுதுகிறேன். ஒரு காட்சி நகரவே மாட்டேன் என்கிறது.

1915 மே 1, நியூயார்க்கை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, திருட்டுத்தனமாக ஏறியிருந்த மூன்று பேர் கேமராவோடு பிடிபட்டார்கள். ஜெர்மன் பேசினார்கள். உளவாளிகள் என்று கீழ்த்தளத்தில் அடைத்துவிட்டார்கள் (நிஜமாகவே உளவாளிகள்தானா, எனக்குச் சந்தேகம்தான்). மே 7, அயர்லாந்துக் கரையருகே டார்பிடோ பட்டு 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. அந்தக் கதவை யாராவது திறந்தார்களா? என் காட்சியே அதுதான்.

லிவர்பூல் கடல்சார் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியல், கப்பல் மூழ்கியது பற்றி மெர்சி பிரபு நடத்திய விசாரணையின் பதிவு இரண்டையும் அலசியாயிற்று. எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர்களை விசாரித்த லிவர்பூல் துப்பறியும் அதிகாரி பியர்பாயிண்ட் உயிர் தப்பியவர். அவர் கொடுத்த வாக்குமூலத்தை எந்தக் காப்பகத்தில் தேடலாம்?