வலி குறைந்தது, அழற்சி குறையவில்லை: ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி:
குடலில் நீடித்த அழற்சி உண்டாக்கும் க்ரோன் நோயோடு எனக்கு இது 11ஆம் ஆண்டு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தேடுவது கழிவறையைத்தான். பையில் மாற்றுடை எப்போதும் இருக்கும். நான்கு மாதங்களாக மருத்துவர் எழுதித் தந்த கஞ்சா எண்ணெயை இரவில் நாக்கின் அடியில் விட்டுக்கொள்கிறேன். கசப்பு, பச்சிலையை மென்ற மாதிரி. ஆனால் இரவில் ஐந்து முறை எழுந்தவன் இப்போது ஒரு முறைதான் எழுகிறேன். மலப் பரிசோதனையில், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு மட்டும் இறங்காமல் 640இலேயே நிற்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போது அழற்சியை அடக்கப் போடும் உயிரியல் மருந்து ஊசி எதற்கு?

பதில் 1:
நிறுத்தாதீர்கள். இஸ்ரேலில் 21 க்ரோன் நோயாளிகளிடம் 8 வாரம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. கஞ்சா புகைத்த 11 பேரில் 10 பேருக்கு உபாதை தணிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி மருந்து பெற்ற 10 பேரில் 4 பேருக்கும் தணிந்தது! அழற்சி அடங்கியதா என்பது வேறு கேள்வி. அடங்கவில்லை என்றுதான் உங்கள் 640 சொல்கிறது. வலி தெரியாமலே குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம்.

பதில் 2:
நான் வருடக்கணக்கில் கஞ்சா புகைத்தவன். ஒரு கட்டத்தில் ஓயாத வாந்தி. வெந்நீரில் நின்றால்தான் அடங்கும். குடலடைப்போ என்று ஸ்கேன் வரை போனோம். கடைசியில் காரணம் கஞ்சாவேதான். விட்டதும் நின்றது.

கேள்வி கேட்டவர்:
வெந்நீர் விஷயம் புதிது, நன்றி. ஊசி தொடர்கிறது. குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கும் தேதி வாங்கிவிட்டேன். அதற்கு முந்தைய நாள் குடிக்க வேண்டிய பேதி மருந்தை நினைத்தால்தான் இப்போதே குமட்டுகிறது.