பனியாத்தில நட்ட கம்பியும் நாவலடிக் காணியும் (எங்கட குடும்பக் குழு)

அக்கா நோர்வே: (போட்டோ)

அக்கா நோர்வே: இண்டைக்கு ஸ்தூர்ப்ரேன் எண்ட பனியாத்தில நிண்டம், பனியாறெண்டா மலையில கன வருசமா சேந்து இறுகி மெல்ல நகர்ற ஐஸ். காலுக்கு கீழ முழுக்க ஐஸ், ஒவ்வொரு எட்டும் பாத்துப் பாத்துத்தான் வைக்கோணும்

அம்மா: தொப்பி போடல்லியா மகள்

அம்மா: கையுறையும் காணல்ல

அக்கா நோர்வே: போட்டோவுக்குக் கழட்டினதும்மா, பேந்து போட்டுட்டன்

சித்தப்பா வாழைச்சேனை: பக்கத்தில என்ன கம்பி அது மகள். களங்கட்டி வலைக்கு நட்ட கம்பு மாதிரி நிக்கிது

அக்கா நோர்வே: அது அளவுக் கம்பி சித்தப்பா, அலுமினியம். நீராவி மெசின் ஒண்டு தூக்கிக்கொண்டு போவம், அதால ஐசுக்குள்ள ஆழமா ஓட்டை போட்டு கம்பிய இறக்கினா உறைஞ்சு பிடிச்சிரும், மறுகா கோடை முழுக்க மேல்ஐஸ் உருகி இறங்க இறங்க கம்பி வெளியால தெரியத் தொடங்கும், செப்டெம்பர்ல வந்து எவ்வளவு வெளியால நிக்கிதெண்டு அளந்தா அந்தக் கோடைக்கு எவ்வளவு ஐஸ் போயிரிக்கெண்டு தெரியும். அது செலவு. வரவையும் அளக்கோணும், ஏப்ரல் மே பக்கம் பனியில குழி வெட்டி அடுக்கடுக்கா எடுத்து நிறுப்பம், ஏனெண்டா புதுசா விழுந்த பனி ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவுதான் வரும், அதே இறுகி ஐசாப் போனா 900 கிலோ, அதால உசரத்த மட்டும் அளந்தா காணாது

அக்கா நோர்வே: இந்தப் பனியாத்தில 1949ல இருந்து வருசா வருசம் இப்பிடி அளந்து எழுதி வெச்சிரிக்காங்க. முதல் கம்பி நட்ட ஆக்கள்ற கணக்குக்கு அடுத்த வரிய நாங்க எழுதுறம் எண்டு நினைக்கக்க ஒரு மாதிரி நெஞ்சுக்குள்ள வருது

சித்தப்பா வாழைச்சேனை: வரவு கூடவா செலவு கூடவா

அக்கா நோர்வே: செலவுதான் சித்தப்பா. 2000க்குப் பிறகு பெரும்பாலான வருசம் செலவுதான் கூட

சித்தப்பா வாழைச்சேனை: அப்ப உருகின தண்ணியெல்லாம் கடைசில கடலுக்குத்தானே வரும்

அக்கா நோர்வே: ஓம். இது சின்னப் பனியாறு, இதால மட்டும் ஒண்டும் தெரியாது. ஆனா உலகம் முழுக்க மலைகள்ள 2 லட்சத்துக்கு மேல பனியாறு இரிக்கு, 2000ல இருந்து 2023 வரைக்கும் பாத்தா சராசரியா வருசம் 273 பில்லியன் தொன் ஐஸ் அதுகள்ள இருந்து போயிரிக்கு. 360 பில்லியன் தொன் உருகினா உலகக் கடல் 1 மில்லிமீற்றர் ஏறும். அதோட கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா, அதுக்கு மேல கடல் சூடாகி விரியிறது, எல்லாம் சேத்து 1993ல வருசத்துக்கு 2 மில்லிமீற்றர் அளவுல ஏறிக்கொண்டு இருந்தது இப்ப 4க்கு மேல

அம்மா: 4 மில்லிமீற்றர் தானே மகள், அதுக்கென்ன

சித்தப்பா வாழைச்சேனை: அப்பிடிச் சொல்லாதீங்க மச்சாள். மார்கழி மழையில வாவி முட்டி நிக்கக்க முகத்துவாரத்த அடைச்சு நிக்கிற மண்ண வெட்டி விட்டாத்தானே தண்ணி கடலுக்கு இறங்கும், அது இறங்கிறது வாவி மட்டம் கடல் மட்டத்த விட உசரமா இரிக்கிறதாலதான், அந்த வித்தியாசமே கொஞ்சந்தான். கடல் ஒரு சாண் ஏறி நிண்டா வெட்டி விட்டும் தண்ணி மெல்ல மெல்லத்தான் போகும், கரையில உள்ள சனம் இன்னும் கன நாள் தண்ணிக்குள்ள கிடக்கோணும். வாவியில தொழில் செய்றவனுக்கு இது விளங்கும்

அக்கா நோர்வே: சரியாச் சொன்னீங்க சித்தப்பா. 1993ல இருந்து இதுவரைக்கும் ஏறினதே 10 சென்ரிமீற்றருக்கு மேல

நான்: அக்கா உலகம் முழுக்க ஒரே அளவாவா ஏறும்? தொட்டியில தண்ணி ஊத்தினா எல்லாப் பக்கமும் ஒண்டாத்தானே ஏறும்

மச்சாள் தம்பிலுவில்: இதத்தான் என்ட ஏலெவல் பிள்ளைகளும் கேக்கிற, நல்லா விளக்கமா எழுதுங்க, வகுப்பில வாசிச்சுக் காட்டுவன்

அக்கா நோர்வே: ஒரே அளவா ஏறாது. கிறீன்லாந்தில சில இடத்தில ஐஸ் 3 கிலோமீற்றர் தடிப்பு, அவ்வளவு பாரமான சாமான் தன்னைச் சுத்தியிருக்கிற கடல்தண்ணிய தன்பக்கம் இழுத்து வெச்சிரிக்கு, ஈர்ப்பால. அந்த ஐஸ் உருகிப் போகப் போக இழுப்பும் குறையும், அப்ப பிடிச்சு வெச்சிருந்த தண்ணிய விட்டுரும், அது தூரத்துக்குப் போகும். அதோட பாரம் குறைஞ்ச நிலமும் மெல்ல மேல எழும்பும். அதால கிறீன்லாந்தச் சுத்தி 2000 கிலோமீற்றர் அளவுக்குள்ள கடல் ஏறாது, இறங்கும்

மாமா கொக்கட்டிச்சோலை: ஐஸ் உருகினா பக்கத்துக் கடல் இறங்குமா??

மாமா கொக்கட்டிச்சோலை: ஐஸ் தண்ணிய இழுக்கிற எண்டத நம்பேலாமக் கிடக்கு மருமகள்

அக்கா நோர்வே: மாமா நீங்க தூக்குக்குண்டு கட்டித்தானே சுவர் எழுப்புற. அந்தக் குண்டு நேர கீழ தொங்குதெண்டுதான் நம்புறம், ஆனா பக்கத்தில பெரிய மலை இருந்தா அது மலைப்பக்கம் ஒரு துளி சாயும். 1774ல மாஸ்கெலின் எண்ட வானியல் ஆராய்ச்சியாளர் ஸ்கொட்லாந்தில ஷிகாலியன் எண்ட மலைக்குப் போய், ரெண்டு பக்கமும் குண்டு தொங்கவிட்டு நட்சத்திரங்கள வெச்சு அளந்தவர், ரெண்டு பக்கமும் குண்டு மலையப் பாத்துச் சாய்ஞ்சு நிண்டது. கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான், ஆனா அளக்கலாம். குண்ட இழுக்கிற அதே இழுப்புத்தான் கடலையும் இழுக்கிற

மாமா கொக்கட்டிச்சோலை: தூக்குக்குண்டு சாயுமா.. இத்தினை வருச மேசன் வேலையில இத எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல

மச்சாள் தம்பிலுவில்: மாமா இன்னொண்டு கேளுங்க, எங்கட இலங்கைக்குத் தெற்கால உள்ள கடல்லதான் உலகத்திலயே பூமியின்ட இழுப்பு ஆகக் குறைஞ்ச பள்ளம் இரிக்கு, பூமியின்ட கணக்குப் போட்ட வடிவத்தோட ஒப்பிட்டா கடல்மட்டம் அதில 106 மீற்றர் பதிஞ்சு கிடக்கு

சித்தப்பா வாழைச்சேனை: நாங்க போட்ல தெற்கால எவ்வளவு தூரம் போயிரிக்கம், பள்ளத்தில இறங்கினதா ஒரு நாளும் தெரியல்லியே

அக்கா நோர்வே: தெரியாது சித்தப்பா, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு மெல்ல மெல்லப் பதியிது. அதோட அந்த இடத்தில மாமாட ரசமட்டத்த வெச்சாலும் மட்டம் எண்டுதான் காட்டும், ஏனெண்டா ரசமட்டமும் அதே இழுப்பக் கேட்டுத்தான் நிக்கிது. சட்டலைட்டால அளந்தாத்தான் பிடிபடும்

நான்: ஐஸ் போகப் போக இழுப்புக் குறையிறதையும் சட்டலைட்டால அளக்கலாமா

அக்கா நோர்வே: ஓம்டா தம்பி, அதுதான் எனக்கு ஆகப் பிடிச்ச வேலை. கிரேஸ் எண்டு ரெண்டு சட்டலைட், 2002ல அனுப்பினது, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு 220 கிலோமீற்றர் இடைவெளி விட்டு ஓடும். பாரமான இடம் வந்தா முன்னுக்குப் போறது முதல்ல இழுபட்டு கொஞ்சம் விலகும், பேந்து பின்னுக்கு வாறதும் இழுபடும், அந்த இடைவெளி மாறுறத முடித்தடிப்ப விடச் சின்ன அளவுல பிடிச்சிருவாங்க. மாசா மாசம் அப்பிடி அளந்துதான் கிறீன்லாந்து வருசத்துக்கு 270 பில்லியன் தொன் அளவுல இழக்குதெண்டு தெரிஞ்சது. 2017ல அது முடிஞ்சது, 2018ல இருந்து அடுத்த சோடி ஓடுது

மச்சாள் தம்பிலுவில்: இந்த ஐஸ் இழுக்கிற கதை புதுசா கண்டுபிடிச்சதா

அக்கா நோர்வே: இல்ல மச்சாள், 1888லயே வுட்வர்ட் எண்டவர் கணக்குப் போட்டு எழுதிட்டார். மறுகா 1976ல ஃபாரலும் கிளார்க்கும் முழுச் சமன்பாடா எழுதினாங்க. அளந்து பாக்கிற கருவிதான் பிந்தி வந்தது

நான்: அப்ப நீ இருக்கிற நோர்வேயில?

அக்கா நோர்வே: கிறீன்லாந்து உருகினா இஞ்ச கடல் ஏறுறது மிச்சம் குறைவு, கிட்டத்தில இருக்கிறதால. அதோட பழைய பனிக்காலத்து ஐஸ் உருகின பிறகு இந்த நிலம் இன்னும் எழும்பிக்கொண்டுதான் இரிக்கு. ஆனா அந்தத் தண்ணி சராசரிய விடக் கூட ஏறுறது எங்கட மாதிரி தூரத்துக் கடல்கள்ள. அந்தாட்டிக்கா உருகினாலும் எங்களுக்கு சராசரிக்கு மேலதான். ரெண்டு துருவத்துக்கும் நாங்க தூரம், அதால ரெண்டு பக்கத்துப் பங்கும் எங்களுக்கு வருது. இத முதல்முதல் வரைபடத்தில பாத்த அண்டைக்கு எனக்கு நித்திரையே வரல்ல

பெரியம்மா திராய்மடு: எல்லாம் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தன் பிள்ளையள்

பெரியம்மா திராய்மடு: நாவலடிக் காணியில திரும்ப வீடு கட்டப் போறன் எண்டு பெரியவன் ஒற்றைக் காலில நிக்கிறான். சுனாமிக்குப் பிறகு அது சும்மாதான் கிடக்கு. அவர் வெட்டின கிணறு இன்னும் இரிக்கு. என்ன மகள் செய்ய, நீ சொல்லு

அக்கா நோர்வே: பெரியம்மா கடலப் பாத்த துண்டில வீடு வேணாம், இத நான் யோசிச்சுத்தான் சொல்றன். ஐபிசிசி எண்ட ஐநாட காலநிலை ஆராய்ச்சிக் குழு அறிக்கையில போட்ட கணக்குப்படி புகைய நல்லாக் குறைச்சா 2100ல கடல் 28ல இருந்து 55 சென்ரிமீற்றர் ஏறியிருக்கும், குறைக்காட்டி 63ல இருந்து 1 மீற்றர், அது உலக சராசரி. வீடு முழுசா கடலுக்குள்ள போற கதை இல்ல இது. அதுக்கு எவ்வளவோ முன்னமே கிணறு உப்பாகும், பெரிய அலை வந்தா முன்னத்தவிட உள்ளுக்கு ஏறும், மழைக்கு வாவித்தண்ணி வடியப் பிந்தும். நாவலடியில ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் வாவி, நடுவில மணல், நல்ல தண்ணி அந்த மணலுக்குள்ள உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிது

பெரியம்மா திராய்மடு: சுனாமியோட கிணறு உப்பாப் போனது தெரியுந்தானே, இப்பதான் கொஞ்சம் வாயில வைக்கக்கூடிய மாதிரி வந்திரிக்கு

மச்சாள் தம்பிலுவில்: எங்கட பக்கமும் கரை அரிச்சு தென்னை விழுந்து கிடக்கு பெரியம்மா. ஐசால மட்டும் எண்டு சொல்ல மாட்டன், ஆத்து மண் அள்ளுறது, கரையில கல்லுப் போடுறது எல்லாம் சேந்துதான், அதுக்கு மேலதான் கடல் ஏறுறதும்

மாமா கொக்கட்டிச்சோலை: அக்கா, கரையில இருந்து 300 மீற்றருக்குள்ள எண்டா கரையோரத் திணைக்களத்து அனுமதி இல்லாம கல்லு வைக்கேலாது, அத முதல்ல பெரியவனுக்குச் சொல்லுங்க. வாவிப் பக்கத்துத் துண்டு எண்டா நான் வந்து மட்டம் பாக்கிறன், தண்ணிக்குழாய் வெச்சு வாவியில இருந்து காணி எவ்வளவு உசரம் எண்டு எடுத்தாத்தான் அத்திவாரம் எவ்வளவு தூக்கோணும் எண்டு சொல்லலாம்

அக்கா நோர்வே: மாமா அளந்த திகதியும் நேரமும் எழுதி வைங்க. கிணத்துக் கட்டில ஒரு அடையாளம் வெட்டி அதில இருந்து அளந்தா நல்லம், அடுத்த வருசமும் அதே அடையாளத்தில இருந்து அளக்கலாம்

சித்தப்பா வாழைச்சேனை: பறுவத்தண்டைக்கு வாங்க மச்சான், தண்ணி ஆக ஏறி நிக்கிற நேரம் பாத்து எடுப்பம். நானும் வாறன். மார்கழியில முகத்துவாரம் வெட்டுறதுக்கு முதல் நாள் இன்னொருக்கா எடுக்கோணும், அண்டைக்குத்தான் உண்மையான உசரம் தெரியும்

பெரியம்மா திராய்மடு: வாறதெண்டா காலமையே வாங்க, புட்டவிச்சு மீனாணம் வெக்கிறன். பெரியவனையும் நிக்கச் சொல்றன், அவன்ட காதால கேக்கட்டும்

மாமா கொக்கட்டிச்சோலை: சரி அக்கா. தம்பி நீ அளவு நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு வா

நான்: ஓம் மாமா