கொலுசுப் பட்டறையில் ஆழ்கடல் பிராணி நகை: எடுபடுமா?

கொலுசுவீட்டுப்_பொண்ணு:
வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறை எங்களுடையது, அப்பா முப்பது வருஷமாகக் கொலுசு தவிர வேறெதுவும் செய்ததில்லை. போன மாதம் ஆழ்கடல் வீடியோ ஒன்று பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நெற்றிக்கு முன்னால் விளக்கைத் தொங்கவிட்டு இரை பிடிக்கிற தூண்டில் மீன், மண்டை கண்ணாடி மாதிரி இருந்து உள்ளே கண் தெரிகிற மீன், இதையெல்லாம் வெள்ளியில் ஜிமிக்கி, டாலர் என்று செய்து, லாபத்தில் ஒரு பங்கு கடல் பாதுகாப்புக்கு என்று சொல்லி ஆன்லைனில் விற்கலாமா? "இந்தப் பேய் மூஞ்சியைக் காசு கொடுத்து யார் காதில் மாட்டுவா" என்கிறார் அப்பா. எந்தப் பிராணியில் ஆரம்பிக்கலாம்? கண்ணுக்குப் பவளம் பதிக்கலாமா?

அலைக்கரை_அக்கா:
பவளம் வேண்டாம் தங்கச்சி, கடலைக் காப்பாற்றுகிற நகையில் கடலிலிருந்து எடுத்த கல் எதற்கு? சிவப்பு மீனா (எனாமல்) வேலையே போதும். இன்னொன்று, காய்ந்த கடல்குதிரையையோ பவளப்பாறைத் துண்டையோ வைத்து அப்படியே அச்சு எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் 2001இலேயே இரண்டையும் சேர்த்துவிட்டார்கள், கரையில் பொறுக்கினேன் என்றாலும் விற்க முடியாது. மெழுகில் கையால் செதுக்குங்கள்.

பிராணி கேட்டீர்களே, இரும்புச் செதில் நத்தையைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில் 2,400 மீட்டருக்கும் கீழே, கடலடி வெந்நீர் ஊற்றுகளின் பக்கத்தில் இருக்கிறது, 2001இல்தான் கண்டுபிடித்தார்கள். ஓட்டின் மேலும் காலைச் சுற்றியுள்ள செதில்களிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கறுப்புப் பூச்சு, கவசம் போட்ட மாதிரி இருக்கும். ஆழ்கடல் சுரங்கத்தால் வரக்கூடிய ஆபத்தைக் காரணம் காட்டி 2019இல் அழிவு அபாயப் பட்டியலில் ஏறிய முதல் உயிரினம் இதுதான்.

ஊதுகுழல்:
அக்கா சொன்ன நத்தை வெள்ளிக்காரனுக்கென்றே பிறந்தது போலிருக்கிறது கண்ணு. வெள்ளி கறுப்பதும் கந்தகத்தால்தானே! செதில் செதிலாகத் தகடு வெட்டிப் பற்றவைக்கிற பொடி வைத்து ஒட்டி, கடைசியில் கந்தகக் கறுப்பு ஏற்றி மேடான இடத்தை மட்டும் மெருகு போட்டால் அச்சு அசலாக வரும். ஆனால் கொலுசில் வேண்டாம், வேர்வையிலும் உரசலிலும் கறுப்பு நாளடைவில் போய்விடும், டாலரில் வையுங்கள். தூண்டில் மீனை ஜிமிக்கியாகச் செய்தால் பல்லையெல்லாம் உள்பக்கம் மடக்குங்கள், இல்லாவிட்டால் முந்தானை நூலை இழுத்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள் (ஒருமுறை மயில் தோடு செய்து நான் வாங்கிக்கட்டிக்கொண்டது போதும்). விளக்குக்கு ஒரு முத்துச் சலங்கை போதும், ஆடும்போது பேய் மூஞ்சி மறந்துபோகும். உங்கள் அப்பாவிடம் சலங்கை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

ஏற்காடு_மிளகு:
ஒரு கேள்வி, கோபிக்க வேண்டாம். அந்த வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் படிகிற தாதுவில் செம்பு, துத்தநாகத்தோடு கொஞ்சம் தங்கமும் வெள்ளியும்கூட உண்டு, அதனால்தான் நத்தை வீட்டின் மேல் கண். புதுக் கட்டி வெள்ளியை வாங்கி அதே நத்தையைச் செய்வது எனக்கு இடிக்கிறது. எங்கள் மலையில் பாக்சைட் வெட்டின இடத்தைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் கேட்கிறேன். உங்கள் ஊரில் பழைய கொலுசுக்கா பஞ்சம்? அதை உருக்கிச் செய்யுங்கள், அதையே விளம்பரத்தில் சொல்லுங்கள். "லாபத்தில் ஒரு பங்கு" என்பதையும் விடுங்கள், லாபம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? நகை ஒன்றுக்கு இத்தனை ரூபாய், இன்ன அமைப்புக்கு என்று பில்லிலேயே போடுங்கள், ரசீதைப் பக்கத்தில் ஏற்றுங்கள்.

கொலுசுவீட்டுப்_பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. பழைய கொலுசு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா, இத்தனைக்கும் வீட்டில் ஒரு டப்பா நிறைய ஒற்றைக் கொலுசுகள் கிடக்கின்றன. நத்தைப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "செதிலை ஒட்டுவதென்றால் கீழ் வரிசையிலிருந்து ஆரம்பிக்கணும், இல்லைன்னா பொடி வழியும்" என்றார். சரி, திங்கட்கிழமை மெழுகு வாங்கப் போகிறேன்.