மறு: 'ஸ்கார்ஃப்' இணைப்புக்குத் தமிழ்ச்சொல்

> பழைய பாய்மரப் படகின் மரப்பகுதிகளை நாமே சீர்செய்வதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். இரு மரத்துண்டுகளின் முனைகளைச் சாய்த்துச் சீவிச் சேர்க்கும் 'ஸ்கார்ஃப் ஜாயின்ட்' என்பதைச் 'சரிவு மூட்டு' எனலாமா?

ஐயா, வணக்கம்.

'மூட்டு' வேண்டாம் என்பது என் கருத்து. முழங்கால் மூட்டு, தோள் மூட்டு என்று அசையும் இடம்தான் உடனே நினைவுக்கு வருகிறது. இந்த இணைப்போ அசையவே கூடாது.

வேலையைப் பார்த்தால் சொல் தானே வரும். படகின் விளிம்புச் சட்டத்தில் ஒரு முழம் உளுத்துவிட்டது, மீதியெல்லாம் நல்ல தேக்கு என்று வையுங்கள். கெட்டதை அறுத்தெடுத்துப் புதுத் துண்டைச் சேர்க்க வேண்டும். நேராக அறுத்து முனையோடு முனை வைத்து ஒட்டினால் நிற்காது. குறுக்கே அறுத்த முகத்தில் மர நார்கள் வாய் திறந்து நிற்கின்றன. பூசிய பசையை உறிஞ்சிக்கொண்டு இணைப்பை வறள விட்டுவிடும். அதனால்தான் இரண்டு முனைகளையும் நீளச் சாய்த்துச் சீவுகிறோம். பசை கொண்டு ஒட்டுவதற்குக் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளம் வழக்கம். பாய்மரத்தைப் போல் வளைந்து பாரம் தாங்கும் உறுப்புகளுக்குப் பன்னிரண்டு மடங்கு. 20 மி.மீ. கனமுள்ள சட்டமென்றால் 160 மி.மீ., அல்லது 240. பசை பிடிக்கும் பரப்பு பெருகுகிறது. அந்தப் பரப்பும் ஏறக்குறைய நார் ஓடும் திசையிலேயே அமைந்துவிடுகிறது.

ஒட்டுக்கன்று கட்டுகிறவரும் கிளையைச் சாய்வாகச் சீவித்தான் முகத்தோடு முகம் சேர்க்கிறார். ஆகவே என் பரிந்துரை: சாய்வொட்டு. இதை ஏற்றால் பக்கத்துச் சொற்களும் கிடைத்துவிடும். முனையோடு முனை ஒட்டுவது முட்டொட்டு. உளுத்த இடத்தை மட்டும் தோண்டி, அதே அளவில் துண்டு செதுக்கிப் பதிப்பது பதியொட்டு. திருகாணித் தலையை மூடும் சிறு வட்டக் கட்டைக்குத் 'தக்கை' போதும், புதுச்சொல் எதற்கு? அதை எப்பாக்சிப் பசையால் ஒட்டாமல் வார்னிஷில் தோய்த்து அடிக்கச் சொல்லுங்கள். பின்னாளில் ஆணியைக் கழற்ற நேர்ந்தால் எளிதாகப் பெயர்ந்து வரும்.

கையேட்டில் ஒன்றைத் தவறாமல் சேருங்கள். சாய்வு முகத்தில் பசை தடவிக் கிளாம்பை (இறுக்கிப் பிடிக்கும் கருவியை) முறுக்கியதும் இரண்டு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடும். பலகைக்கொரு மெல்லிய ஆணி அடித்து முதலில் இடத்தில் நிறுத்த வேண்டும். மிகவும் முறுக்கவும் கூடாது. எப்பாக்சி முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். தேக்கு எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம், ஒட்டுமுன் அசிட்டோனால் துடைப்பது நல்லது.

அன்புடன்.

---

> ஆகவே என் பரிந்துரை: சாய்வொட்டு.

சொல் அழகாக இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. பழைய படகின் ஏராக்கட்டையை (அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக் கட்டையை) இரண்டு துண்டுகளாகச் சேர்த்திருப்பார்கள். அதுவும் ஸ்கார்ஃப்தான். அங்கே வேலை செய்வது போல்ட்டு, ஒட்டும் பசை அன்று. சில கட்டைகளில் ஒன்று மற்றொன்றைக் கொக்கிபோல் கவ்வும்படி நடுவில் படி வெட்டியிருக்கும். ஒட்டாத ஒன்றை 'ஒட்டு' என்று எழுதினால், படிப்பவர் அதைப் பிரித்துப் பசை பூசிவிடுவார். அந்தப் பழி கையேட்டின் மேல்தான் விழும்.

'ஒட்டுப்போட்ட' என்றாலே கிழிசல் நினைவு வருகிறதே என்ற குறையும் எனக்கு உண்டு. அது சிறு குறை.

---

போல்ட்டுப் பற்றிய தடை நியாயமானது, ஏற்கிறேன். பொதுச்சொல்லாகச் 'சாய்வுப் பொருத்து' இருக்கட்டும். பசையால் சேர்ப்பது சாய்வொட்டு, படி வெட்டிக் கவ்வுவது கொக்கிப் பொருத்து. கிழிசல் பற்றிய குறையை ஏற்க மாட்டேன். ஒட்டுமாங்கனியை யாரும் கிழிசலென்று ஒதுக்குவதில்லை.

பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைப்பதற்குக் 'கலப்பற்று' என்ற பழஞ்சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'இடைவெளி நிரப்பல்' என்று எழுத வேண்டாம்.

ஏராக்கட்டைப் பொருத்தின் குறுக்கே துளையிட்டு ஒரு மென்மரக் குச்சியை அடித்திருப்பார்கள். நனைந்ததும் அது ஊதிப் பருத்து, பொருத்தின் இடுக்கு வழியாக நீர் உள்ளே ஊர்ந்து வராமல் தடுக்கும். அதற்கு 'நீரடைக்குச்சி' என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.