பழைய டிராக்டரில் பிளேடு பூட்டி ரோடு மட்டம் போட்டவர்கள், உங்கள் அனுபவம்?

இட்டேரிக்காரன்:
தோட்டத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் போகும் எங்கள் இட்டேரி (மண் வண்டிப்பாதை), ஐப்பசி மழைக்கு அப்புறம் நடுவில் புல் மேடும் இரண்டு பக்கமும் டயர் பள்ளமுமாக ஆகிவிட்டது. வண்டி மெஸ்ஸி 1035, அப்பா வாங்கியது, 36 எச்.பி. மச்சான் வீட்டில் சும்மா கிடந்த ஏழடி பின் பிளேடைக் கொண்டுவந்து பூட்டினோம்.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒரே ஒரு நிமிஷம்தான். முன்சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறியது, அவ்வளவுதான், பின்னால் பிளேடு நறுக்கென்று மண்ணுக்குள் குத்தி, இன்ஜின் திணறி, பின்டயர் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. லீவரைத் தூக்குவதற்குள் முன்சக்கரம் மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிவிட, பிளேடு அந்தரத்தில் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் குத்தின இடத்தில் குழி, தூக்கின இடத்தில் குவியல். அடுத்த நடையில் அந்தக் குழியில் முன்சக்கரம் இறங்கி இன்னொரு மேடு. சாயங்காலம் தேங்காய் ஏற்ற வந்த டிரைவர் இறங்கி நடந்து பார்த்துவிட்டு, "முன்னயே பரவால்லைங்கண்ணா" என்றார். பிளேடு பெரிசா, வண்டி சின்னதா, என்னதான் விஷயம்?

கரிசல்காடு:
ஏழடி அதிகம். 1035-க்கு ஆறடிக்கு மேல் போகவே கூடாது, ஈர மண் வாரினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

என் கதை வேறு. ஃபோர்டு 3600, பிளேடை இழுக்கும் கீழ் லிங்க் கையின் நுனிப் பந்தில் ஓட்டை 28 மி.மீ., அதில் மாட்டும் இரவல் பிளேடின் முளை 22 மி.மீ. "அரைமணி நேர வேலைதானே, விடுப்பா" என்று கொடுத்தவர் சொல்லிவிட்டார். கண்மாய்க் கரையில் பிளேடைச் சாய்த்து வைத்துப் போகும்போது டொக் டொக் என்று ஆடிக்கொண்டே வந்தது. ஒரு கல்லில் இடித்ததும், முளை கழலாமல் பிடிக்கும் லிஞ்ச் பின் தெறித்து, ஒரு பக்க லிங்க் கழன்று போய் உள்பக்கமாக டயரில் உரச, ரப்பர் தீய்ந்த நாற்றம். அந்த நாற்றம் இப்போதும் எங்கேயாவது அடித்தால் கை தன்னால் கிளட்சுக்குப் போகிறது. அப்புறம் லேத்தில் அந்த இடைவெளியை அடைக்கும் புஷ் கடைந்து போட்டோம், காசு ஒன்றும் பெரிசில்லை. லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினையும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

வன்னி மண்:
கரிசல்காடு அண்ணை ஆறடி என்கிறார், சரி. ஆனால் சாய்த்துப் போடும்போது ஆறடி ஆறடியாகவா நிற்கும்? 30 பாகை சாய்த்தால் ஐந்தடி இரண்டு அங்குலம்தான் வழிக்கும். 1035-இல் பின்டயர் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அதைவிடக் கூட வரும். பிறகு நீங்கள் மட்டம் போட்ட மண்ணில் உங்கள் டயர்த் தடமே விழும். எனக்கு ஏழடிதான் சரி, மண்ணைக் குறைவாக எடுத்தால் போச்சு.

எங்களிடம் இருப்பது மெஸ்ஸி 240. குளக்கட்டு றோட்டுக்குக் கிரவல் பறித்துக் கிடந்தது. பக்கத்து வளவுத் தம்பி நல்ல ஓட்டக்காரன், பிளேடை இறக்கிவிட்டு ரிவர்ஸில் கும்பியைத் தள்ளப் போனான். நான் கையைக் காட்டிக் கத்துகிறேன், அவனுக்குக் கேட்கவில்லை. கீழ் லிங்க் வில்லாக வளைந்ததைக் கண்ணால் பார்த்தேன், சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. அந்தக் கைகள் இழுக்கச் செய்தவை, முட்டித் தள்ளச் செய்தவை இல்லை. கிரவல் பரவ வேண்டுமென்றால் பிளேடைப் பின்புறமாகத் திருப்பிப் பூட்டி முன்னால் ஓட்டுங்கோ, வளைந்த முதுகு மண்ணைக் கிண்டாமல் தடவிக்கொண்டு வரும்.

மேட்டுக்காடு:
நானும் பழைய மெஸ்ஸியில் ஒரு முறை முயன்று, பாதி வழியில் கழற்றிப் போட்டவன். கதை அவ்வளவுதான். ஆனால் ஆறடி ஏழடி என்று இருவரும் அடித்துக்கொள்வதில் விஷயமே இல்லை என்பதால் சொல்கிறேன்.

ரோடு மட்டம் போடும் கிரேடர் வண்டியைப் பாருங்கள், பிளேடு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் தொங்கும், முன்சக்கரம் ஓரடி ஏறினால் பிளேடு அதில் ஒரு பங்குதான் ஏறும். நம் வண்டியில் பிளேடு பின் அச்சுக்கும் பின்னால். முன்பக்கம் ஏறினால் பின்பக்கம் இறங்கும். அகலத்தைக் குறைத்தால் இது மாறுமா?

இரண்டாவது, லீவர். டிராஃப்ட் கன்ட்ரோல், டிராக்டர் வடிவமைத்த ஹாரி ஃபெர்குசன் ஏருக்காகக் கொண்டுவந்தது. இழுவை கூடினால் தானே தூக்கும், குறைந்தால் இறக்கும். உழவுக்கு அருமை. ரோட்டில் அதுவே வில்லங்கம், கெட்டியான மேட்டை விட்டுவிட்டு, இளகின பள்ளத்தை இன்னும் தோண்டும். லீவரை வைத்த உயரத்திலேயே பிளேடை நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோலில் வைத்து ஓட்டுங்கள். ஃபெர்குசனின் பழைய டிஇ20 மாதிரி வண்டிகளில் அது கிடையாது, 1956-இல் வந்த எஃப்இ35-இல் உண்டு. டிஇ20 வைத்திருப்பவர் பிளேடுக்குப் பின்னால், அதை ஒரே உயரத்தில் தாங்கும் இரண்டு கேஜ் வீல் (சின்னச் சக்கரம்) வைக்காமல் நல்ல ரோடு எடுப்பது கஷ்டம்.

மண் புழுதியாக இருக்கும்போது போகாதீர்கள், சேறாக இருக்கும்போதும் வேண்டாம். மழை விட்டு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்தில் போங்கள். பத்தடிப் பாதைக்கு நடு முதுகு இரண்டரை அங்குலம் உயர்ந்திருந்தால் தண்ணீர் நிற்காது, அது இல்லாமல் எவ்வளவு மட்டம் போட்டாலும் அடுத்த மழைக்குப் பழையபடிதான். இரண்டு பக்கமும் அடைத்த பெட்டி பிளேடு கிடைத்தால் இன்னும் நல்லது, மேலே பிடிக்கும் டாப் லிங்கைக் குறைத்தால் முன்பல் கிண்டும், நீட்டினால் பின்விளிம்பு தடவும். செம்மண் கெட்டியாக இருந்தால் முதலில் கலப்பையால் லேசாகக் கீறிவிட்டு...

கரிசல்காடு:
அண்ணே, அவர் கேட்டது ஒரு கேள்வி. அப்புறம், முன்பக்கம் தூக்குவது அகலத்தால்தான், அதற்குப் பதில் சொல்லவில்லையே?

இட்டேரிக்காரன்:
கேஜ் வீல் சமாச்சாரம் புரிந்தது, நன்றிங்க. பழைய விதைப்பான் சக்கரம் இரண்டு கொட்டகையில் கிடக்கிறது, வெல்டிங் கடையில் கொடுத்துப் பின்னால் நீட்டிப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். சக்கரத்துக்கு உயரம் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூ வேண்டுமா, ஓட்டை போட்டு முளை மாட்டினால் போதுமா என்று கடைக்காரர் கேட்கிறார். யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.