ஸ்கேன் செய்த பாகம் வண்டியில் பொருந்தாமல் போன அனுபவம் உண்டா?

பழையவண்டி:
மூன்று வருடமாகியும் மனசை விட்டுப் போகவில்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்). சென்னையில் அந்தக் கம்பெனி மூடிப் பல காலம், சாமானுக்கு எவ்வளவு அலைய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். விரிசல் விட்ட பழைய பீஸை லேசர் ஸ்கேன் செய்தோம். மெஷ், அதாவது கம்ப்யூட்டரில் வரும் முப்பரிமாண வடிவம், அருமையாக வந்தது. அதை அப்படியே பேட்டர்னாக்கி (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) ஃபவுண்டரிக்கு, வார்ப்பாலைக்கு, கொடுத்துவிட்டேன். வார்ப்பு வந்த அன்று வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்றார். என்ஜினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வரும் கேஸ்கட்டை வைத்தேன். முதல் போர்ட் (புகை வரும் வாய்) சரியாக நின்றது. கடைசி போர்ட்டில் பிறை மாதிரி இரும்பு எட்டிப் பார்த்தது. கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைவு. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1% சுருங்கும்; நான் ஸ்கேன் செய்தது ஏற்கெனவே சுருங்கிய பொருள். அவர் ஒன்றும் பேசாமல் விரலால் அந்தப் பிறையைத் தடவிப் பார்த்தார். அது அவருடைய அப்பா ஓட்டிய கார்.

மைக்ரான்:
சுருக்கம் மட்டும்தான் காரணம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அத்தனை வருடம் சூடு தின்ற மேனிஃபோல்டு வளைந்திருக்கும். ஸ்கேனருக்கு எது வளைவு, எது டிசைன் என்று தெரியாது. எங்களிடம் வந்த ஒரு வாட்டர் பம்ப் மூடியில் 0.4 மி.மீ. வளைவை அப்படியே மாடலில் கொண்டுவந்து, ஒழுகிய பிறகுதான் விழித்துக்கொண்டோம். ஃபிளேஞ்சை (போல்ட் போட்டு இறுக்கும் முகத்தை) தட்டையாக வரையுங்கள், துளையை வட்டமாக வரையுங்கள். மெஷ் பார்த்து வரையத்தான், நகலெடுக்க இல்லை.

வெள்ளைப்பொடி:
எனக்கு நடந்தது வேறு. புதிதாகக் குரோம் போட்ட கதவுக் கைப்பிடி. பளபளப்பால் ஸ்கேன் திரையில் ஓட்டை ஓட்டையாக வந்தது. பளபளப்பை மறைக்க, விரிசல் பார்க்கப் பயன்படும் டெவலப்பர் என்ற வெள்ளைப் பொடி ஸ்ப்ரேயை அடித்தேன். துடைத்தால் போய்விடும் என்று சொல்வதற்குள் வண்டிக்காரர் முகம் வாடிவிட்டது. அடிக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கேட்காமலே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தானாக ஆவியாகும் ஸ்ப்ரே இருக்கிறது, காசு அதிகம், ஆனாலும் குரோமுக்கு அதையே வாங்குங்கள். ஸ்கேனர் இடம் கண்டுபிடிக்க ஒட்டும் மார்க்கர் ஸ்டிக்கரை ஒரே சீராக வரிசையில் ஒட்டாதீர்கள், ஸ்கேனர் இடம் குழம்பும். லேசர் எட்டிப் பார்க்காத ஆழமான துளையை போர் கேஜ் (துளையின் உள் விட்டம் அளக்கும் கருவி) வைத்தே அளவிடுங்கள். அலுமினியம் என்றால் வெயிலில் வைத்து ஸ்கேன் செய்யாதீர்கள். அளவுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி. 35 டிகிரியில் ஒரு மீட்டர் அலுமினியம் 0.3 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும். மைக்ரான் சொன்னதும் சரி, ஆனால் 3 மி.மீ. குறைவு வளைவால் வராது. அது சுருக்கமேதான்.

பழையவண்டி:
இரண்டாவது பேட்டர்னை 1% பெரிதாக்கி, முகத்தில் பிறகு கடைந்து எடுக்க 3 மி.மீ. கூடுதல் உலோகம் (மெஷினிங் அலவன்ஸ்) விட்டோம். பொருந்தியது. ஃபிளேஞ்சைத் தட்டையாகத்தான் வரைந்தேன், மைக்ரான்.